கயிறுகள் சந்தித்த பால்மரம்

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. ஒங்களுக்கு ரெண்டு காதும் நல்லா கேக்குமா?"

வேன் வாடகைக்குக் கேட்டுப் போன் செய்கிறவர்கள் ஏர்கோன் வேலை செய்கிறதா என்று கேட்பார்கள். எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்பார்கள். என் காதைப் பற்றி அதுவரை யாரும் விசாரித்ததில்லை. நான் ஈப்போ புந்தோங்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். பின்னால் பதினாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் அதில் அழுகிறது எது, அழுகிற மாதிரி நடிக்கிறது எது என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறேன். எனவே கொஞ்சம் விறைப்பாகவே பதில் சொன்னேன்.

"நல்லாவே கேக்கும். வேன் ஓட்டுறதுக்கு அது எதுக்கும்மா?"

"நேர்ல சொல்றேங்க்கா. காம்பார்ல வந்து என்னை ஏத்திக்குங்க. சிலிம் ரிவர் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக்குப் போவணும். தெனம் மத்தியானம் போயி, இருட்டுனதும் கெளம்பி வந்துறலாம். பத்து நாளு."

பள்ளி விடுமுறை. வேன் சும்மாதான் நின்றது. சரி என்றேன்.

என் கணவர் அந்த வருடம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். முப்பது வருடம் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்ற முதல் வாரத்தில் என் சமையலறை டப்பாக்களை எல்லாம் உயர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினார். மிளகாய்த்தூள் எங்கே இருக்கிறது என்று நான் அவரைக் கேட்க வேண்டிய நிலை. அவரை எப்படி வீட்டுக்கு வெளியே கொண்டுபோவது என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன். காட்டுப் பக்கம் போகிறேன் என்றதும் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டார்.

"தனியா எப்படிலா போவே? நானும் வாரேன். நான் தோட்டத்துல பொறந்தவன்."

காம்பாரில் எங்களுக்காகக் காத்திருந்தவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். தோளில் ஒரு பெரிய பை, கையில் குடை மாதிரி மடக்கிய ஒரு கருவி. சித்தியவானைச் சேர்ந்தவர், காம்பார் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பையில் தொங்கிய அட்டையில் டாக்டர் என்று போட்டிருந்ததை என் கணவர் பார்த்துவிட்டார். வேன் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகவில்லை, பின் சீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

"டாக்டர், எனக்கு இந்த முட்டி ஒரு வருசமா வலிக்குது."

முன்சீட்டிலிருந்த அவர் முழு உடம்பையும் திருப்பிப் பின்னால் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, நான் பூச்சி டாக்டர். சில்வண்டுக்கு முட்டி வலிச்சா என்ன பண்றதுன்னு வேணா சொல்லுவேன்."

ஏன் கழுத்தை மட்டும் திருப்பாமல் முழுவதும் திரும்புகிறார் என்று அப்போதுதான் கவனித்தேன். அவரே சொன்னார். சின்ன வயதில் பொன்னுக்குவீங்கி வந்து இடது காது போய்விட்டது. முன்சீட்டில், எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தால் நல்ல காது என் பக்கம் இருக்கும். அதனால்தான் கேட்காமலே முன்னால் ஏறிக்கொண்டார்.

"சத்தம் நல்லா கேக்கும்க்கா. என்ன சத்தம்னும் தெரியும். எங்கேருந்து வருதுன்னுதான் தெரியாது. போன் அடிச்சா வீடு பூரா தேடுவேன். அதுக்கு ரெண்டு காது வேணும். கூட வந்துக்கிட்டிருந்தவரு வேற ஊருக்கு வேலை மாறிப் போயிட்டாரு. அதான் ஒங்ககிட்ட அப்படிக் கேட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. போனில் விறைத்துக்கொண்டு பேசியதற்காக வழியில் நிறுத்தி ஆளுக்கொரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

அவர் தேடிவந்த விஷயத்தைக் கோப்பி குடித்துக்கொண்டே விளக்கினார். சில்வண்டுகளில் ஆண்தான் பாடும். வாயால் இல்லை, இறக்கையோடு இறக்கையை உரசி. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பாட்டு. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அதே இனத்துப் பெண் தேடி வரும். உருவத்தைப் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாத இரண்டு பூச்சிகளைக்கூடப் பாட்டை வைத்துப் பிரித்துவிடலாம். சிலிம் ரிவர் தோட்டத்தில் அவர் கருவி வைத்துப் பதிவு செய்தபோது ஒரு மெல்லிய பாட்டு கிடைத்தது. அது சருகுக்குள் வாழும் ஒரு சின்னச் சில்வண்டு. ஏற்கனவே தெரிந்த இனம். ஆனால் அதே இடத்தில் இன்னொரு பாட்டும் கிடைத்தது. பல மடங்கு சத்தம். அதைப் பாடுவது எது என்று யாரும் பார்த்ததில்லை.

"புது இனமா இருக்கலாம்க்கா" என்றார். சொல்லிவிட்டு உடனே, "இருக்கலாம்னுதான் சொல்றேன்" என்று திருத்திக்கொண்டார். ஆனால் முகம் திருத்திக்கொள்ளவில்லை.

போய்ச் சேர்ந்த இடம் சுற்றிலும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. நடுவே ஓர் ஓடைக்கரையில் மட்டும் ரப்பர் மரங்கள், இரண்டு கால்பந்துத் திடல் அளவுக்கு இருக்கும். பால் வெட்டு நின்று பல வருடம் ஆகியிருந்தது. நிரை நிரையாக நட்ட மரங்களுக்கு நடுவே பெரணியும் காட்டுக்கொடியும் ஏறி நிரைகளே மறைந்துவிட்டன. வெயில் அடித்தால் ரப்பர் காய்கள் 'டப்'பென்று வெடித்து விதை தெறிக்கும். கீழே முழங்கால் அளவுக்குச் சருகு. ஓடைப் பக்கம் போனால் அட்டை. என் கணவர் கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு, "தோட்டத்துல பொறந்தவனுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றார். அரை மணி நேரத்தில் அவர் கழுத்திலிருந்துதான் முதல் அட்டையைப் பிடுங்கினேன்.

ஆறு மணிக்கு மேல் பாட்டுகள் தொடங்கின. முதலில் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் இருந்தது. நம் வீட்டுச் சாக்கடைப் பக்கம் கத்துவதுதானே, இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பாடகர் குழுப் பயிற்சியில் ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கேட்பதுபோலக் கேட்டேன். மேலே மரத்தில் நிறுத்தாமல் இழுக்கிறது ஒன்று. புல்லில் விட்டு விட்டு இரண்டிரண்டாகத் தட்டுகிறது ஒன்று. சருகுக்குள்ளிருந்து 'திரி திரி திரி' என்று மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. அதுதான் ஆய்வாளர் சொன்ன மெல்லிய பாட்டு. காதருகே யாரோ சீப்பின் பல்லை நகத்தால் தேய்ப்பதுபோல அவ்வளவு சன்னம்.

அப்புறம் அது வந்தது. எங்களுக்கு வலப்பக்கம் எங்கிருந்தோ, மணி அடித்த மாதிரி. என் கணவர் துள்ளித் திரும்பினார்.

"அக்கா, அதுதான்! எங்கே?"

எங்கே என்றுதான் எனக்கும் தெரியவில்லை. நான்கு அடி அந்தப் பக்கம் போனால் சத்தம் பின்னால் கேட்டது. திரும்பினால் நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேறெங்கோ தொடங்கியது. முதல் நாள் முழுக்க இப்படியே போனது. பெருமையாகச் சொன்ன என் இரண்டு காதும் சேர்ந்து ஒரு பூச்சியைப் பிடித்துக் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு விஷயம் கவனித்தேன். மழை விட்டிருந்ததால் குளிர்ச்சியாக இருந்தது. பாட்டு முந்தைய நாளைவிட நிதானமாக இருந்தது. மெல்லியதும் நிதானம், சத்தமானதும் நிதானம். சொன்னேன். ஆய்வாளர் ஆச்சரியப்பட்டார். குளிர்ந்தால் சில்வண்டுகள் வேகம் குறைத்துப் பாடும் என்று அவருக்குத் தெரியும். கருவி இல்லாமல் ஒருவர் அதைச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொண்ணு சொல்லவா டாக்டர்? ரெண்டும் ஒரே சுருதிலா. மூணு தட்டு, அதே எடவெளி. எனக்கென்னமோ ஒரே ஆளு மெல்லமாவும் சத்தமாவும் பாடுற மாதிரி இருக்கு."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "கம்பியூட்டர்லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் காட்டுது. ஆனா அக்கா, அது சுண்டுவிரல் நகத்துல பாதி அளவு பூச்சி. அதால இவ்வளவு சத்தம் போட முடியாது. ரெக்கை அளவு பத்தாது."

சரி என்று விட்டுவிட்டேன். அவர் படித்தவர், நான் வேன் ஓட்டுகிறவள். அன்று திரும்பும்போது அவர் மெதுவாகச் சொன்னார். "மனசுல அதுக்குப் பேருகூட வச்சிட்டேங்க்கா."

"என்ன பேரு?"

"சொல்ல மாட்டேன். வெக்கமா இருக்கு."

மூன்றாம் நாள்தான் சண்டை வந்தது. ஆய்வாளரோடு இல்லை, எனக்கும் என் கணவருக்கும். விழுந்து கிடந்த ஒரு மரத்தருகே நான் நின்றேன். அவர் முப்பதடி தள்ளி ஒரு கரையான் புற்றருகே நின்றார். சத்தப் பாட்டு தொடங்கியது. நான் ஓடைப் பக்கம் கையை நீட்டினேன். அவர் மேட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"அங்க இல்ல, இந்தப் பக்கம்!" என்றேன்.

"ஒனக்கு எப்பயுமே நான் சொல்றது தப்பு. இங்கதான்லா."

"ஒங்களுக்கு மெல்லிசு பாட்டே கேக்கல. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓட்டி காது போச்சி. நீங்க எடம் சொல்றீங்க!"

"அதான் சொல்றேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. அது இங்க இருக்கு."

எங்களுக்குக் கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் இந்தச் சண்டை பல தலைப்புகளில் நடந்திருக்கிறது. இருவரும் கையை இறக்காமல் முறைத்துக்கொண்டு நின்றோம். ஆய்வாளர் நடுவே நின்று என் கையைப் பார்த்தார், என் கணவர் கையைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார்.

"அண்ணே, கைய எறக்காதீங்க! அக்கா, நீங்களும் அப்படியே இருங்க!"

பையிலிருந்து ராஃபியா கயிற்றுப் பந்தை எடுத்தார். அளவு குறிப்பதற்காக அவர் வைத்திருந்த இளஞ்சிவப்புக் கயிறு. என் பக்கத்தில் ஒரு கிளையில் ஒரு முனையைக் கட்டினார். என் விரல் காட்டிய திசையில் நேராக இழுத்துக்கொண்டே நடந்து, தூரத்தில் ஒரு மரத்தில் கட்டினார். பிறகு என் கணவரின் புற்றருகே ஒரு குச்சி நட்டு அங்கிருந்து இன்னொரு கயிறு. அவர் நடந்த சத்தத்தில் பாட்டு நின்றுபோயிருந்தது. ஆனால் இரண்டு கயிறும் ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அந்த இடத்தில் ஒரு ரப்பர் மரம்.

"ரெண்டு பேரு சொன்னதும் சரி" என்றார் ஆய்வாளர். "ஒரு காதை வச்சிக்கிட்டே இருந்தேனா, சத்தத்துக்கு ஒரு கோடு இருக்குன்னே எனக்குத் தோணல."

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மூவரும் அந்த மரத்தைச் சுற்றிக் குந்திக்கொண்டோம். மழைக்கால அந்தி, மரத்தடியில் சீக்கிரமே மங்கிவிட்டது. ஆய்வாளர் டார்ச்லைட் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார். சிவப்பு வெளிச்சம் பூச்சியை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாதாம். சருகை ஒவ்வொன்றாக விலக்கினோம். வேரடியில் பார்த்தோம். பட்டையில் பார்த்தோம். ஒன்றுமில்லை. கால் மரத்துப்போய் என் கணவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, அவர் நெஞ்சுக்கு நேராகப் பாட்டு மறுபடி தொடங்கியது.

விரலை மட்டும் நீட்டினார். மரத்தில் ஒரு மங்கு தொங்கியது. வெட்டிய பட்டையிலிருந்து வடியும் பாலைப் பிடிக்க மரத்தில் கம்பி சுற்றி மாட்டுவார்களே, அந்தக் கிண்ணம். பால் வெட்டை நிறுத்தியபோது யாரும் கழற்றாமல் விட்டுப் போனது. கம்பி தளர்ந்து, வாய் பக்கவாட்டில் திரும்பி, படுத்த மாதிரி இருந்தது. நாங்கள் மூன்று நாளும் அதைத் தாண்டித்தான் போய்வந்தோம்.

ஆய்வாளர் டார்ச்சை மெல்லக் கொண்டுபோனார். உள்ளே அடியில் கொஞ்சம் மக்கிய சருகு. அதன்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னஞ்சிறு பூச்சி. உடம்பைவிட நீளமான மீசை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இறக்கை இரண்டையும் முதுகுக்கு மேலே செங்குத்தாகத் தூக்கி வைத்திருந்தது. பாடும்போது அந்த இறக்கைகள் கண்ணுக்கே தெரியவில்லை. வெறும் ஒரு நடுக்கம்தான். மூன்று நடுக்கம், நிறுத்தம். மூன்று நடுக்கம், நிறுத்தம். ஒரு சத்தத்தைக் காதாலும் கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. என் கணவரின் கையை நான் எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

ஆய்வாளர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஈரச் சருகின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அதே பூச்சிதாங்க்கா. சருகுப் பூச்சி. நீங்க சொன்னீங்க."

பெயர்வரைக்கும் யோசித்து வைத்திருந்தாரே. நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தபோது அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பீக்கர்! ஸ்பீக்கர் கண்டுபுடிச்சி வச்சிருக்கு, இந்தச் சின்னப் பய! மங்குக்குள்ள ஒக்காந்து பாடுனா சத்தம் வாய்வழியா ஒரே பக்கமா வெளிய வரும். ஐயோ, அண்ணே, இது புதுப் பூச்சிய விட நல்லாருக்கு!"

மறுநாள் அவர் சொன்னதைச் சோதித்தோம். அந்தப் பூச்சியை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சருகில் விட்டோம். ஒரு மணி நேரம் பொறுத்து அது பாடியது. பழைய மெல்லிய பாட்டுதான், என் கணவருக்குக் கேட்கவே இல்லை. அதையே மறுபடி பிடித்து மங்கில் கொண்டுபோய் விட்டோம். மறுநாள் மாலை மணியடித்தது.

அதற்குப் பிறகு காட்டின் பொறுப்பு என் கணவர் கைக்குப் போய்விட்டது. மற்ற மரங்களிலும் மங்குகள் இருக்கின்றனவே, அவற்றில் ஏன் பூச்சி இல்லை என்று கேட்டுக்கொண்டே நிரை நிரையாகப் போனார். பதிலையும் அவரே கொண்டுவந்தார்.

"மேல பாத்து இருக்குற மங்குல மழைத்தண்ணி நெறஞ்சி கொசு இருக்கு. கவுந்து தொங்குறதுல சருகு நிக்காது. படுத்த மாதிரி இருக்குறதுல மட்டும்தான் வீடு கட்ட முடியும், டாக்டர்."

ஆய்வாளர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். கீழே விழுந்து மண்ணில் புதைந்த மங்குகளை என் கணவர் தோண்டி எடுத்து ஓடையில் கழுவினார். வாயைப் பக்கவாட்டில் திருப்பிப் புதுக் கம்பியில் கட்டினார். உள்ளே ஒரு பிடி சருகு வைத்தார். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதினார். என் டப்பாக்களுக்கு எழுதிய அதே எழுத்து. முப்பது வருடம் கிடங்கில் சாமான் அடுக்கிய மனிதருக்கு அந்த வாரத்தில் வயது குறைந்துபோனது. மத்தியானச் சாப்பாட்டைத் தாப்பாவ் என்று பொட்டலமாகக் கட்டி வாங்கிவந்தால் உட்கார்ந்து சாப்பிடமாட்டார். நின்றுகொண்டே அள்ளிப்போட்டுக்கொண்டு அடுத்த நிரைக்குப் போவார்.

ஒரு மத்தியானம் ஆய்வாளர் அவருக்குப் பூச்சியின் படம் ஒன்றைக் காட்டினார். முன்னங்காலில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி.

"இது என்னா தெரியுமாண்ணே? காது."

"முட்டியிலயா?"

"முட்டிக்குக் கொஞ்சம் கீழ. ரெண்டு கால்லயும் ஒண்ணொண்ணு."

என் கணவர் தன் முட்டியைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார்.

மங்குகளை வைத்து மூன்று நாளாகியும் ஒன்றிலும் பூச்சி குடிவரவில்லை. நான்காம் நாளும் இல்லை. அவர் முகம் தொங்கிப்போனது. ஐந்தாம் நாள் மாலை நல்ல மழை பெய்து ஓய்ந்தது. மரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வேனில் உட்கார்ந்து காத்திருந்தோம். கண்ணாடியை இறக்கினேன்.

ஒன்று. பிறகு அதற்குப் பதில் சொல்வதுபோல இடப்பக்கம் இன்னொன்று. மேட்டில் ஒன்று. ஓடைக்கரையில் இரண்டு. காடு முழுக்க மணியடித்தது. என் கணவர் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார். "ஏழாம் நம்பரு!" என்று கத்தினார். "பதினொண்ணு! டாக்டர், பதினொண்ணுலயும் ஆளு வந்துருச்சி!"

ஆய்வாளர் மரங்களுக்கு நடுவே நின்று தலையை அங்கும் இங்கும் திருப்பிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கண் எதிலும் நிற்கவில்லை. இவ்வளவும் அவருக்கு ஒரே குவியலாகத்தான் கேட்கிறது என்று அப்போது புரிந்தது. நான் பின்னால் போய் அவர் தோள் இரண்டையும் பிடித்தேன்.

"கண்ண மூடிக்கம்மா." டாக்டர் என்று வாயில் வரவில்லை. மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன். "இங்க ஒண்ணு. ஒசரமா, நம்ம தலை அளவுக்கு." இன்னும் கொஞ்சம் திருப்பினேன். "இங்க ரெண்டு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. பின்னால உள்ளது கொஞ்சம் மெதுவா பாடுது, கேக்குதா?" மறுபடி திருப்பினேன். "இது ஓடைக்கு அந்தாண்ட. இதுதான் எல்லாத்துலயும் நல்ல கொரலு. எங்க பாடகர் குழுவுல சேத்துக்கலாம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு முழுச் சுற்று சுற்றி முடித்ததும், "இன்னொரு தடவ, அக்கா" என்றார். இன்னொரு தடவை சுற்றினோம். இரண்டாம் சுற்றில் அவரே ஒரு இடத்தில் நின்று கையை நீட்டினார். அந்தத் திசையில் திரும்பும்போது நல்ல காதுக்குச் சத்தம் கூடுவதைப் பிடித்துவிட்டாராம். நீட்டிய இடத்தில் ஏழாம் எண் மங்கு தொங்கியது.

அதன் முன்னால்தான் கடைசிக் காட்சியையும் பார்த்தோம். மரப்பட்டையில் கீழிருந்து இன்னொரு பூச்சி ஏறி வந்தது. வாலில் ஊசி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததால் பெண் என்று ஆய்வாளர் கிசுகிசுத்தார். இரண்டடி ஏறும், நிற்கும், முன்னங்காலைத் தூக்கும், மறுபடி ஏறும். மங்கின் விளிம்புக்கு வந்து மீசையை உள்ளே விட்டுத் துழாவியது. உள்ளே பாட்டு சட்டென்று மாறி, காதோடு பேசுகிற மாதிரி ஆனது.

என் கணவர் என் காதில் சொன்னார். "மாப்பிள்ள பாக்க பொண்ணு வந்துருக்கு."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். நான்தான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெண் பூச்சி துள்ளிச் சருகில் மறைந்தது. இருவரும் ஆய்வாளரிடம் திட்டு வாங்கினோம். அவரும் சிரித்துக்கொண்டேதான் திட்டினார். கால் மணி நேரத்தில் அது திரும்பி வந்து உள்ளே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில மாதம் கழித்துக் காம்பாரில் ஆய்வாளர் இதைப் பற்றிப் பேசினார். எங்களையும் வரச் சொன்னார். என் கணவர் பூப்போட்ட நீளக்கை பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு, போகும் வழியெல்லாம் கண்ணாடியில் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மண்டபத்தில் மாணவர்களும் பேராசிரியர்களும் நிறைந்திருந்தார்கள். ஆய்வாளர் மெல்லிய பாட்டை ஒலிக்கவிட்டார், சத்தமானதையும் ஒலிக்கவிட்டார். எத்தனை இனம் என்று கேட்டார். முக்கால்வாசிப் பேர் இரண்டு என்று கை தூக்கினார்கள். மங்குக்குள் உட்கார்ந்திருக்கும் பூச்சியின் படத்தைத் திரையில் போட்டதும் எழுந்த 'ஆ' என்ற சத்தத்தை என்னால் மறக்க முடியாது.

கேள்வி நேரத்தில் நரைத்த தலைப் பேராசிரியர் ஒருவர், ஏன் எல்லா மங்கிலும் பூச்சி இல்லை என்று மலாயில் கேட்டார். ஆய்வாளர் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வரிசைக்கு வந்து என் கணவரிடம் நீட்டினார்.

அவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். ஒரு நிமிடம் அவர் ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு இரண்டு கையையும் குவித்து ஒரு மங்கு செய்தார். மேலே காட்டி, இதில் தண்ணீர் நிறையும் என்றார். கவிழ்த்து, இதில் சருகு நிற்காது என்றார். பக்கவாட்டில் திருப்பி, இதுதான் வீடு என்றார். வாய் ஓடைப் பக்கம் பார்த்திருந்த மங்குகளில்தான் முதலில் குடிவந்தது, அங்கே ஈரம் அதிகம் என்று தான் குறித்துவைத்ததையும் சொன்னார். எங்களுக்கே சொல்லாத விஷயம் அது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுதிக்கொண்டார். கைதட்டினார்கள். ஆய்வாளர்தான் எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினார்.

திரும்பும்போது கோப்பேங் தாண்டும்வரை என் கணவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் பேசுனது நல்லாருந்துச்சா?"

"ரொம்ப நல்லாருந்துச்சி."

"தெரியும்லா" என்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அடுத்த கடையில நிறுத்து. பசிக்குது."